பாதுகாப்பும் ஒப்பந்தக்காரரின் ஆதாயமும்

ஊராட்சி ஒன்றியங்களில் பள்ளிக் கட்டடம், சிறுபாலம் முதலிய கான்கிரீட் பணிகளை ஏற்கும் ஒப்பந்தக்காரர் சிலர், பாதுகாப்புக்கு ஆகும் செலவை வீண் என எண்ணுகின்றனர். அது தவறான கணக்காகும்.

சென்ட்ரிங் வேலையையே சான்றாகக் கொள்வோம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. அது இறுகி வலுப்பெறும்வரை முட்டுகளே அப்பளுவைத் தாங்குகின்றன. ஆதலின், சாதாரண போர்ட்லண்டு சிமெண்டாயின், தாங்குசுவர்களின் இடைவெளி 4.5 மீட்டர்வரை உள்ள தளத்திற்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் கழியுமுன் முட்டுகளை அகற்றலாகாதென ஐ.எஸ். 456 விதிநூலின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு கூறுகிறது.

முட்டுகளை இரண்டு நாள் முன்னதாகப் பிரித்தால் மிஞ்சுவது சிறிது வாடகையே. தளம் சரிந்தாலோ, உயிருக்கே கேடு. கம்பியும் சிமெண்டும் பாழ். மறுபடி கட்டுவதும் சொந்தச் செலவில். காயமுற்றோர்க்கு ஈடு தரும் பொறுப்பும் 1923ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு வேலை தருவோரையே சார்ந்துள்ளது.

ஈரச் சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும். ரப்பர் காலணியும் கையுறையும் பெற்ற சித்தாள் மறுநாளும் வேலைக்கு வருவார். பழகிய ஆட்கள் நிலைத்தால் வேலை திருந்தும், கெடுவும் தவறாது.

ஆகவே, டெண்டர் அளிக்கும்போதே இச்செலவைக் கணக்கிற் சேர்த்தல் நன்று. தளம் வார்த்த தேதியையும் முட்டு பிரிக்கும் தேதியையும் பணியிடத்தில் எழுதிவைக்குமாறு ஒப்பந்தக்காரர்களை வேண்டுகிறோம்.