புகை குறைந்தது எதனால்?

ஜேர்மனியின் ஹம் நகருக்குக் காமாட்சி அம்பாள் தேர்த்திருவிழாக் காணச் சென்ற எம்மவர் பலரும், ஆலயத்துக்கு அண்மையிலுள்ள வெஸ்ற்பாலன் அனல்மின் நிலையத்தையும் கண்டிருப்பர். அங்கு 2014இல் உற்பத்தியைத் தொடங்கிய நிலக்கரிப் பிரிவொன்று, அரசு நடத்திய ஏலத்தின்வழி இழப்பீடு பெற்று, 2021 தொடக்கத்தில் மின்சந்தையை விட்டு விலகியது. ஏழாண்டுகள்கூட முழுதாய் உழைக்காத எந்திரம் அது.

பொருளாதாரம் வளர்ந்தால் புகையும் வளரும் என்பது நெடுங்காலமாக நிலவிய எண்ணம். ஜேர்மனியின் கணக்கு அதனைப் பொய்ப்பிக்கின்றது. 1990இல் ஏறத்தாழ 125 கோடி தொன்னாக இருந்த அந்நாட்டின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றம், 2023இல் ஏறத்தாழ 67 கோடி தொன்னாக இறங்கியது. அதே காலத்தில், விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒன்றரை மடங்கை அண்மித்தது. இதனை முழுவதும் காற்றாலைகளின் வெற்றியெனக் கூறிவிடுவது எளிது. நாம் அவ்வளவு விரைவில் கைதட்ட ஆயத்தமாக இல்லை.

முதற் பெருவீழ்ச்சி 1990களின் முற்பகுதியில் நேர்ந்தது. அப்போது காற்றாலைகள் மிகச் சிலவே. இரு ஜேர்மனிகளும் இணைந்தபின், பழுப்பு நிலக்கரியை நம்பி இயங்கிய கிழக்கின் பழைய தொழிற்சாலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன, இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். புகைக்கணக்கை எழுதுவோர் இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றனர்.

புதுப்பிக்கத்தக்க சக்தியின் பங்கை மறுப்பதற்கில்லை. காற்றிலிருந்தும் சூரியனிலிருந்தும் மின்சாரம் ஆக்குவோருக்கு இருபது ஆண்டுகளுக்கு நிலையான விலையை உறுதிசெய்த சட்டம் 2000இல் வந்தது. அவ்வாண்டு மின்நுகர்வில் சுமார் 6 வீதமாக இருந்த அதன் பங்கு, 2023இல் பாதியைத் தாண்டிற்று. ஆயினும் அதே காலத்தில் அணுமின் நிலையங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு, எஞ்சிய மூன்றும் 2023 ஏப்ரல் 15இல் ஓய்ந்தன. 2000இல் நாட்டின் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கை அண்மித்த அளவை வழங்கியவை அவை. நிலக்கரியைப்போற் புகை கக்காதவை. (அணுக்கழிவின் ஆபத்து வேறொரு வழக்கு.) ஆகவே புதிய மின்சாரத்தில் கணிசமான பகுதி நிலக்கரியின் இடத்தையன்றி அணுவின் இடத்தையே நிரப்பிற்று.

2023இல் ஓராண்டிலேயே வெளியேற்றம் சுமார் 10 வீதம் குறைந்தது. மகிழத்தக்க செய்திதான். ஆனால் 2022இல் உக்ரேய்ன் போர் மூண்டபின் எரிவாயு விலை உயர்ந்ததால், இரசாயனம் முதலான தொழில்கள் உற்பத்தியைக் குறைத்திருந்தன, பொருளாதாரமும் சுருங்கிற்று. சூளை அணைந்ததால் குறைந்த புகை, சூளை மூண்டால் திரும்பிவரும்.

இவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்தவர் யார்? நிலையான விலைக்கான செலவு மின்கட்டணத்தில் தனி அறவீடாகச் சேர்க்கப்பட்டது. 2017இல் அது ஓர் அலகுக்கு 6.88 சதம், ஆண்டுக்கு 3500 அலகு நுகரும் குடும்பத்துக்கு, வரி நீங்கலாக, ஏறத்தாழ 240 யூரோ. மின்சாரத்தைப் பெருமளவில் விழுங்கும் தொழிற்சாலைகளுக்கோ பெருஞ்சலுகை. உணவகச் சமையலறையில் இரவுவேலை செய்து வாடகை வீட்டில் வாழும் எம்மவர் குடும்பமும் இதனைச் செலுத்தியது. கூரையிற் சூரியத்தகடு பொருத்தி நிலையான விலையைப் பெற்றவர்களோ பெரும்பாலும் சொந்த வீடுடையோர். 2022 யூலையில்தான் இவ்வறவீடு நீக்கப்பட்டு, செலவு அரச நிதிக்கு மாற்றப்பட்டது.