அப்டேட் எப்போது வரும்? விண்வெளியில் ஒரு காத்திருப்பு

விண்டோஸ் அப்டேட் நேரம் காலம் தெரியாமல் வந்து நிற்பதும், "பிறகு பார்க்கலாம்" என்று நாம் அதைத் தள்ளிப் போடுவதும் எல்லா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நடப்பதுதான். ஆன்லைன் கேம் விளையாடுபவர்களின் நிலை இதற்கு நேர் எதிர். அப்டேட் எப்போது வரும் என்று அவர்கள் மாதக் கணக்கில் வழி மேல் விழி வைத்துக் காத்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் நானும், தில்லை நகரில் என் கல்லூரி நண்பனும் அப்படிக் காத்திருந்தோம்.

நாங்கள் விளையாடியது எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி கேம். இதன் பாட்டனார் 1984இல் வந்த எலைட். டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு மாணவர்கள் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதியது. அந்தக் கம்ப்யூட்டரின் மொத்த நினைவகம் வெறும் 32 கேபி. அதற்குள் 8 மண்டலங்களில் 256 வீதம் 2,048 நட்சத்திரங்களை வைத்திருந்தார்கள்! எதையும் சேமித்து வைக்கவில்லை. தேவைப்படும்போது ஒரு கணக்குச் சூத்திரம் நட்சத்திரங்களை உருவாக்கிக் கொடுக்கும். அதே பிரேபனின் ஃபிரண்டியர் நிறுவனம் 2014 டிசம்பரில் எலைட் டேஞ்சரஸை வெளியிட்டது. இதில் நம் பால்வெளி மண்டலமே உண்மை அளவில் இருக்கிறது. சுமார் 40,000 கோடி நட்சத்திரங்கள்! நம் திருவாதிரை நட்சத்திரத்துக்குக்கூடக் கப்பலை ஓட்டிச் செல்லலாம்.

2020 நவம்பரில் எபிக் கேம்ஸ் ஸ்டோர் இதனை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக் கொண்டிருந்த நான் உடனே டவுன்லோட் செய்தேன். நண்பன் எனக்கு முன்பே இரண்டு ஆண்டுகளாக பிளேஸ்டேஷன் 4இல் ஆடி வந்தவன். முதல் நாளே போன் போட்டேன்.

"மாப்ள, நீ எந்த ஸ்டேஷன்ல இருக்க? நான் வர்றேன்."

"வா, ஆனா என்னைப் பார்க்க முடியாது."

விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொன்னான். எலைட்டில் பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மூன்றுக்கும் அப்போது ஒரே பிரபஞ்சம். ஓர் ஊரில் அவன் சரக்கை விற்றால் எனக்கும் அங்கே விலை மாறும். ஆனால் பிசிக்காரரும் பிளேஸ்டேஷன்காரரும் ஒருவர் கப்பலை ஒருவர் பார்க்க முடியாது. ஒரே ஸ்டேஷனில், ஒரே நேரத்தில் இருவரும் நின்று, போனில் பேசிக்கொண்டே, ஆள் அரவமில்லாத தளத்தைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

தேதி தள்ளிப் போன கதை

ஒடிஸி என்ற பெரிய அப்டேட்டை ஃபிரண்டியர் 2020 ஜூனில் அறிவித்தது. அதுவரை கப்பலிலும் வண்டியிலும் மட்டுமே சுற்றிய நாம், முதன்முறையாகக் கிரகத்தில் இறங்கிக் காலால் நடக்கலாம்! 2021 தொடக்கத்தில் வரும் என்றார்கள். 2021 ஜனவரியில் தேதி மாறியது. கொரோனா கால வேலை நிலைமையால் பிசிக்கு வசந்த காலத்தின் முடிவில், பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் இலையுதிர் காலத்தில் என்று சொன்னார்கள். திருச்சியில் வெயில் காலம், கடும் வெயில் காலம் இரண்டுதான் உண்டு. இலையுதிர் காலம் என்றால் எந்த மாதம் என்று கூகுளில் தேடிப் பார்த்துக் கொண்டோம்.

நண்பனுக்கு அப்போது இன்னொரு தேதியும் தள்ளிப் போய்க் கொண்டிருந்தது. முதல் வேலை ஊரடங்கில் போய்விட்டது. வேறொரு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் கையில் இருந்தது. சேர வேண்டிய தேதியை மட்டும் மெயில் அனுப்பி மாற்றிக் கொண்டே இருந்தார்கள். நான்காவது மெயிலுக்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக் கொண்டான். பீகிள் பாயிண்ட்டுக்குக் கிளம்பினான்.

பீகிள் பாயிண்ட் என்பது பால்வெளியின் மறுகோடி. சூரியனிலிருந்து சுமார் 65,000 ஒளியாண்டுகள். ஒரு தாவலுக்கு 50 ஒளியாண்டு என்றால் 1,300 தாவல்கள். வழியில் யாரும் போகாத நட்சத்திரத்தை ஸ்கேன் செய்தால், முதலில் கண்டறிந்தவர் என்று நம் பெயர் அதில் பதியும். எல்லா பிளேயருக்கும் அது தெரியும். ஒரே ஒரு நிபந்தனை. திரும்பி வந்து தகவல்களை ஒரு ஸ்டேஷனில் விற்றால்தான் பெயர் ஏறும். நடுவில் கப்பல் வெடித்தால் எல்லாம் போச்சு! ஒடிஸி வரும் நேரத்துக்குத் திரும்பி வருவதாக அவன் திட்டம். காத்திருப்பவர்கள் பலரும் இப்படித்தான் ஏதாவது ஒரு நீண்ட வேலையை எடுத்துக் கொள்வார்கள். என்னைப் போன்றவர்கள் சரக்கு ஏற்றிப் பணம் சேர்த்தோம். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அவன் போகிற தூரத்தை அம்மாவிடம் ஒருநாள் சொல்லி வைத்தேன். அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி ஒரு கேள்வி வரும். "அந்தப் பையன் திரும்பிட்டானா?"

அவசர அப்டேட் என்ன செய்யும்?

தாமதம் எரிச்சல் தரும். ஆனால் அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஈவ் ஆன்லைன் என்ற ஐஸ்லாந்து விண்வெளி கேம் 2007 டிசம்பரில் டிரினிட்டி என்ற அப்டேட்டை வெளியிட்டது. எக்ஸ்பி காலத்து வாசகர்களுக்கு சி டிரைவில் இருந்த boot.ini என்பதை, அதாவது பூட்.ஐ.என்.ஐ. ஃபைலை நினைவிருக்கும். எந்த விண்டோஸ், எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எழும்போது சொல்லும் ஃபைல் அது. ஈவ் கேமும் தன் ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு ஃபைல் வைத்திருந்தது. அப்டேட் அந்தப் பழைய ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் பாதையை எழுதியபோது ஒரு பின்சாய்வுக் கோடு தவறுதலாக முன்னால் சேர்ந்துவிட்டது. அந்தக் கோடு இருந்தால் டிரைவின் அடிவேரில் தேடு என்று பொருள். விளைவு, விண்டோஸின் ஃபைல் அழிந்தது! பலருடைய கம்ப்யூட்டர் மறுபடி எழவில்லை. ஈவ் நிறுவனம் தவறை ஒளிக்காமல் விளக்கி எழுதியது. அலுவலகத்தில் ஸ்கிரிப்ட் எழுதும்போது அந்த ஒற்றைக் கோடு எனக்கு இன்றும் நினைவுக்கு வரும்.

ஆகவே காத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காத்திருந்ததற்குப் பலன் இருக்க வேண்டுமல்லவா? ஒடிஸி பிசியில் 2021 மே 19 அன்று வந்தது. தமிழகத்தில் முழு ஊரடங்கு. சர்வர் கோளாறுகள், நல்ல கிராபிக்ஸ் கார்டிலும் திணறும் காட்சிகள் என்று உலகம் முழுவதும் புகார்கள். சில நாட்களில் பிரேபனே மன்னிப்புக் கேட்டார். பிசி பதிப்பைச் சரி செய்வதற்காக பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வேலையை நிறுத்தி வைத்தார்கள். இலையுதிர் காலம் வந்தது, போனது.

2022 மார்ச் 10 அன்று அறிவிப்பு வந்தது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸுக்கு ஒடிஸி வராது. கதையை முன்னே கொண்டு செல்ல ஒடிஸிக்குப் பிந்தைய புரோகிராம் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஒரே மென்பொருளின் இரண்டு வடிவங்களை ஒன்றாக வளர்ப்பது இரண்டு குடும்பம் நடத்துவது போல. ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு முறை செய்து, இரண்டு முறை சோதிக்க வேண்டும். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் கிராபிக்ஸுக்கும் மற்ற வேலைக்கும் சேர்த்தே 8 ஜிபிதான். முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். 14 மாதம் ஒரு பருவத்தின் பெயரை நம்ப வைத்ததைத்தான் குறை சொல்வேன்.

நண்பன் அதற்குள் ஓசூரில் வேறொரு வேலையில் சேர்ந்திருந்தான். பிளேஸ்டேஷனையும் எடுத்துப் போயிருந்தான். கப்பல் இன்னும் பீகிள் பாயிண்ட் பக்கமே நின்றது. அவன் கோபப்படவில்லை. "திரும்பி வரணும்ல" என்று மட்டும் சொன்னான். ஷிஃப்ட் முடிந்து இரவில் 20, 30 தாவல்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ்காரர்கள் தங்கள் கணக்கை பிசிக்கு ஒருமுறை நகல் எடுத்துக்கொள்ள ஃபிரண்டியர் வழி செய்தது. விற்காத தகவல்களை வைத்துக்கொண்டு சோதனை செய்து பார்க்க அவன் தயாராக இல்லை. முதலில் எல்லாவற்றையும் விற்றான். அன்றிரவே நான் அவன் சொன்ன திசையில் பறந்து ஒரு நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்தேன். திரையில் அவன் பெயர் இருந்தது. இத்தனை நாளில் கேமுக்குள் நான் பார்த்த அவனுடைய முதல் அடையாளம் அதுதான். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

பிசி வாங்க வேண்டுமே! 2021இல் சிப் தட்டுப்பாடும் கிரிப்டோ சுரங்க வேலையும் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டு விலையை எங்கோ கொண்டு போயிருந்தன. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக் கொண்டு சுரங்க வேலையையே கைவிட்டது. பழைய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அப்படி ஒன்றை அவனும் வாங்கினான். அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று பிசிக்கான பிரபஞ்சம் தனியாகப் பிரிந்தது. பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் பழைய பிரபஞ்சத்திலேயே தங்கிவிட்டன.

இதிலும் ஒரு சிக்கல். எலைட்டில் விலை, கண்டுபிடிப்பு போன்ற விவரங்கள் மைய சர்வரில் இருக்கும். கப்பல்களின் அசைவு மட்டும் பிளேயர்களின் கம்ப்யூட்டர்களுக்கு இடையே நேரடியாகப் போகும். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐ.பி. முகவரி. வெளியிலிருந்து வரும் நேரடி இணைப்பு வாசலிலேயே நின்றுவிடும். ஓசூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் பாலம் போட முடியவில்லை. (உங்களுக்கும் இப்படி ஆனால் ரவுட்டரில் யு.பி.என்.பி. வசதியை இயக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் உங்கள் இண்டர்நெட் நிறுவனத்திடம் தனிப் பொது ஐ.பி. கேளுங்கள்.)

2023 பொங்கலுக்கு அவன் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்துவிட்டான். காவிரிப் பாலத்தில் பழுதுபார்ப்பு வேலை நடந்த நேரம். ஆட்டோ சுற்றிக்கொண்டு வந்ததில் மானிட்டர் கேபிளை எங்கோ விட்டுவிட்டான். என் பழைய கேபிள் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினோம். ஒரே ரவுட்டரில் இருவரும் இருந்ததால் கேமின் நெட்வொர்க் செட்டிங்கில் ஒருவனுக்கு மட்டும் போர்ட் எண்ணை மாற்றினோம். இணைப்பு கிடைத்தது.

இரண்டு கப்பல்களையும் ஒரு பனிக் கிரகத்தில் அருகருகே இறக்கினோம். அவன் கப்பலிலிருந்து இறங்கித் தரையில் நின்றான். நான்கடி நடந்தான். என் கப்பலை ஒருமுறை சுற்றி வந்தான்.

"இவ்வளவுதானாடா?" என்றான்.

அம்மா காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, அவனைப் பார்த்து, "திரும்பி வந்துட்டியாப்பா?" என்று கேட்டார். அன்று நாங்கள் எழுந்து தூங்கப் போனபோது அதிகாலை மூன்று மணி.