சக்கரத்தைத் தூக்காதீர்கள், உருட்டுங்கள்!

அறுவடைக் காலம் வந்துவிட்டால் தஞ்சைத் தரணியின் சாலைகளில் டிராக்டர் ஓசை ஓயாது. மன்னார்குடி, ஒரத்தநாடு, நீடாமங்கலம், பாபநாசம் என்று எந்தப் பக்கம் போனாலும் நெல் மூட்டைகளைச் சுமந்த டிரெய்லர்கள் கொள்முதல் நிலையத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். மூட்டை ஒன்றுக்கு 40 கிலோ. நூறு மூட்டை ஏற்றினால் 4,000 கிலோ. அத்தனை பாரத்தையும் தாங்குபவை சில சக்கரங்கள்தாம். அவற்றில் ஒன்று வழியில் பஞ்சரானால்?

வானம் கறுத்திருக்கிறது. நெல் நனைந்தால் ஈரப்பதம் கூடிவிடும், கொள்முதலில் சங்கடம். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. டிரைவரும் கூட வந்த ஆளும் அவசர அவசரமாக நட்டுகளைக் கழற்றுகிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றுச் சக்கரத்தைத் தூக்குகிறார்கள். சக்கரம் ஏறிவிடுகிறது. ஆனால் அன்று இரவே ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. சிலருக்கு நாலு நாளில் சரியாகிவிடும். சிலருக்கு வலி காலுக்கு இறங்கும். அந்த அறுவடையின் கூலி முழுவதும் போய்விடும். தினக் கூலிக்காரருக்கு முதுகுதானே முதல்? முதலே போன பிறகு வியாபாரம் ஏது!

முதுகின் கணக்கு

டயரும் ரிம்மும் சேர்ந்த டிரெய்லர் சக்கரம் நெல் மூட்டையைவிடக் கனமானது. கணக்குக்காக 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குனிந்து, கையை நீட்டி அதைப் பிடிக்கும்போது முதுகெலும்புக்கும் சக்கரத்தின் பாரத்துக்கும் இடையே ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் தூரம். முதுகுத் தசைகள் பிடித்து இழுப்பதோ முதுகெலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி. 45-ஐ 5-ஆல் வகுத்தால் 9. ஆகவே 60 கிலோவைத் தூக்கத் தசைகள் 540 கிலோ பலத்துடன் இழுத்தாக வேண்டும். இரண்டு பேர் தூக்கினாலும் ஆளுக்கு 270 கிலோ! குனிந்த உடம்பின் பாரம் இதில் சேரவில்லை. இந்த நெருக்குதல் முழுவதும் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளின் மேல்தான் விழுகிறது.

ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் முதுகு வட்டுக்குள்ளேயே அழுத்தத்தை அளந்து பார்த்தார். நேராக நிற்கும்போது இருப்பதைவிட, குனிந்து கையில் கனம் ஏந்தும்போது அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் போனது.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-ல் செய்த சிபாரிசில், வயது வந்த ஆண் தொழிலாளி சுமப்பதற்கு 55 கிலோவை உச்ச அளவாகக் குறித்தது. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிலையம் 1991-ல் வகுத்த கணக்கு இன்னும் கண்டிப்பானது. எல்லா வசதியும் அமைந்த நிலையிலும் அது காட்டும் எல்லை 23 கிலோதான். சாலையோரச் சேற்றில், குனிந்தபடி, முறுக்கிக்கொண்டு தூக்குவதில் என்ன வசதி இருக்கிறது?

ஆழித் தேரின் பாடம்

பெரும் பாரத்தை நகர்த்துவது சோழ நாட்டுக்குப் புதிதல்ல. திருவாரூர் ஆழித் தேரையே பாருங்கள். அலங்காரத்துடன் 96 அடி உயரம். எடை சுமார் 300 டன் என்று சொல்வார்கள். 1926-ல் பழைய தேர் தீக்கு இரையானது. பிறகு புதிதாகச் செய்த தேரும் இடையில் பல்லாண்டுகள் நிலையிலேயே நின்று, 1970-ல் மீண்டும் ஓடியது. இன்று அது உருள்வது திருச்சி பெல் தொழிற்சாலை செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்களில். அவ்வளவு பெரிய தேரையும் வீதியில் திருப்புவது எது? சக்கரத்தின் அடியில் கொடுக்கும் சிறு முட்டுக்கட்டை! நின்ற தேரைக் கிளப்பப் பின்னால் நெம்புமரம் போட்டு அழுத்துவார்கள். யாரும் தேரைத் தூக்க முயல்வதில்லை.

மாட்டு வண்டிக்காரர்களுக்கும் இது தெரியும். அச்சுக்கு முட்டுக் கொடுத்து, கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை உருட்டித்தான் வெளியே எடுப்பார்கள். டயர் வந்ததும் அந்தப் பழைய புத்தியை மறந்துவிட்டோம்.

கழற்றும் முறை

முதலில் வண்டியைக் கெட்டியான, சமமான இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். இயன்றால் பாரத்தை இறக்கிவிடுவது நல்லது. டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றக் கூடாது. டிராக்டரை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். டெல்டா மண் ஈரத்தில் இளகும். எனவே ஜாக்கியின் அடியில் கனமான பலகை ஒன்று அவசியம்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். ஸ்பேனரின் கைப்பிடியில் நீளமான குழாயைச் செருகி, கீழ்நோக்கி அழுத்துங்கள். உடம்பின் எடையே வேலையைச் செய்யும். மேல்நோக்கி இழுத்தால் முதுகுதான் செய்யும். சில பழைய வண்டிகளில் இடது பக்க நட்டுகள் எதிர்த் திசையில் கழலும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஜாக்கியை அச்சின் கீழ் வைத்து, டயர் தரையை விட்டு ஒரு விரல் கனம் எழும்பும்வரை மட்டும் உயர்த்துங்கள். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வண்டி எவ்வளவு உயர்கிறதோ, அவ்வளவு உயரத்துக்குச் சக்கரத்தையும் ஏற்ற வேண்டிவரும்! உடனே அச்சின் கீழ் உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ காலையோ வண்டியின் அடியில் நீட்டுவது உயிருக்கே ஆபத்து.

ரிம்மில் விரிசல் இருந்தாலோ, அது இரண்டு பாகமாகப் பூட்டிய ரிம்மாக இருந்தாலோ, வால்வைத் திறந்து காற்றை முழுவதும் இறக்கிய பிறகே நட்டுகளைக் கழற்ற வேண்டும். மேல் நட்டைக் கடைசியாக எடுங்கள். சக்கரத்தை இப்படியும் அப்படியும் அசைத்தால் தரையில் வந்து நிற்கும். பிறகு உருட்ட வேண்டியதுதான். சாய்ந்து விழப் போனால் விலகிக்கொள்ளுங்கள். விழுகிற சக்கரத்தைத் தாவிப் பிடிப்பவர்தான் முதுகை முறித்துக்கொள்கிறார்.

மாட்டும் முறை

அச்சின் குடத்தைச் சுற்றி, ஒரு போல்ட் நேர் மேலே வரும்படி நிறுத்துங்கள். சக்கரத்தை உருட்டி வந்து எதிரே நிறுத்தினால் துளைகள் சற்றுக் கீழே இருக்கும். காற்று நிறைந்த டயர் என்றால் ஜாக்கியை ஓரிரு சுற்று உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டியிருக்கும். தூக்கும் வேலையை ஜாக்கி செய்யட்டும்.

மிச்சமிருக்கும் ஓர் அங்குலத்துக்குக் கடப்பாரை இருக்கிறது. ஐந்தடிக் கடப்பாரையின் நுனியை டயரின் அடியில் கொடுத்து, நுனியிலிருந்து அரையடி தள்ளி ஒரு கட்டையை வையுங்கள். இந்தப் பக்கம் நாலரை அடி. அந்தப் பக்கம் அரையடி. மறுபடியும் ஒன்பது! 60 கிலோச் சக்கரம் 7 கிலோ அழுத்தத்தில் எழும்பும். குனிந்து தூக்கும்போது எதிரியாக நின்ற அதே ஒன்பது, கடப்பாரையில் தோழனாகிவிடுகிறது. ஒருவர் அழுத்த, மற்றவர் டயரின் பக்கவாட்டில் கை வைத்துத் துளைகளை நேராக்கி உள்ளே தள்ளலாம். தனியாள் என்றால், கிரீஸ் தடவிய பலகையின் மேல் சக்கரத்தை நிறுத்தித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும்.

முதலில் மேல் போல்ட்டில் சக்கரத்தைத் தொங்கவிட்டு நட்டைக் கையால் திருகுங்கள். மற்றவற்றை எதிரெதிராகப் பூட்டுங்கள். முட்டை எடுத்து, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. கொஞ்ச தூரம் ஓடியபின் நட்டுகளை மறுபடி சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இதற்கெல்லாம் வேண்டியவை ஒரு கடப்பாரை, இரண்டு பலகை, நாலு கட்டை, ஒரு முழம் குழாய். டிரெய்லரின் மூலையில் அவை எப்போதும் கிடக்கட்டும். கூடுதலாகச் செலவாவது பத்து நிமிஷம். பஸ்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அவர் பத்து நிமிஷம் பொறுத்தால் போதும். முறிந்த முதுகு ஒரு போகம் முழுவதும் படுக்கவைத்துவிடும்.