கொள்ளை நோயும் மக்கள் மரபும்

கொங்கு நாட்டில் அவிநாசி ஒரு பழம்பதி. முதலை உண்ட பாலனைச் சுந்தரமூர்த்தி நாயனார் மீட்டுத் தந்த தலம் என்று சைவ உலகம் அதனைப் போற்றும். அவ்வூரில் என் இளமைக் காலத்தில், ஒரு வீட்டில் எவருக்கேனும் அம்மை கண்டால், அவ்வீட்டின் வாயிலில் வேப்பிலைக் கொத்து ஒன்று செருகப்படும். அதன்பின் அயலார் எவரும் அவ்வீட்டினுள் நுழையார். வந்தவர் வாயிற்படியிலேயே நின்று நலம் கேட்டுத் திரும்புவர். வீட்டிலுள்ளோரும் பிறர் வீடு செல்லார், விருந்துக்குப் போகார். நோயுற்ற பிள்ளை தனியிடத்தில் வேப்பிலைப் படுக்கையிற் கிடக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரையில் இக்கட்டுப்பாடு நிலைத்திருக்கும். எழுதப் படிக்க அறியாதவரும் அவ்வேப்பிலையைப் படித்தறிந்தனர். “உள்ளே வாராதே” என்பதே அதன் பொருள்.

இதனை ஒத்த வழக்கம் இன்னொன்றும் கொங்கு நாட்டில் உண்டு. மாரியம்மன் திருவிழாவிற்குக் காப்புக் கட்டிய பின்னர், ஊரார் வெளியூர் சென்று இரவு தங்கலாகாது என்பர். அவ்வழக்கத்தின் தோற்றம் எதுவாயினும் ஆகுக. ‘ஊரார் அனைவர்க்காகவும் ஒவ்வொருவரும் சில நாள் தம் போக்குவரவை அடக்கிக் கொள்ளல் வேண்டும்’ என்னும் எண்ணம் எம் மக்களுக்குப் புதியதன்று என்பதை அது காட்டும்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், கொரோனா நோயை உலகளாவிய கொள்ளை நோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே திங்கள் 24-ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு, நள்ளிரவு முதல் நாடெங்கும் ஊரடங்கு என்னும் ஆணை பிறந்தது. “தனித்திருங்கள், விலகியிருங்கள், வீட்டிலிருங்கள்” என்று அரசு கூறியது. நகரத்தார் பலர் இவ்வாணையைக் கேட்டுத் திகைத்தனர். எங்கள் தெருவின் முதிய பெண்டிர்க்கோ அதில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. ஊரெல்லாம் வேப்பிலை செருகிவிட்டார்கள் என்று அவர்கள் எளிதில் உணர்ந்துகொண்டனர்.

நோய்க்கிருமிக்கு நாடும் இல்லை; மொழியும் இல்லை. அது சென்னையிலும் ஒன்றே, சிகாகோவிலும் ஒன்றே. ஆனால், அதனை எதிர்கொள்ளும் மக்களுக்கு நாடு உண்டு. நெடுநாளைய பழக்கம் உண்டு. அரசைப் பற்றிய நம்பிக்கையோ ஐயமோ உண்டு. ஆதலின், ஒரே நோய்க்கு வெவ்வேறு நாட்டினர் வெவ்வேறு விதமாக விடையிறுக்கின்றனர்.

சப்பான் நாட்டைக் காண்போம். 1918-ஆம் ஆண்டில் உலகை வாட்டிய நச்சுக் காய்ச்சலின்போது அந்நாட்டினர் முகக்கவசம் அணியத் தொடங்கினர். சளி பிடித்தவன் தன் நோய் பிறரைப் பற்றாதபடி முகத்தை மூடிக்கொள்வது அங்கு நல்லொழுக்கமாகவே நிலைபெற்றது. 2020 ஏப்பிரலில் அந்நாட்டு அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. வீட்டை விட்டு வெளியேறியவரைத் தண்டிக்கும் சட்டம் அதனிடம் இல்லை. வேண்டுகோளே அதன் படைக்கலம். எனினும் மக்களிற் பெரும்பாலோர் முகக்கவசத்தைக் கைவிடவில்லை.

அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிசுகோ நகரத்திலும் 1918-ஆம் ஆண்டில் முகக்கவச ஆணை பிறந்தது. ஆனால் 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே முகக்கவச எதிர்ப்புக் கழகம் ஒன்று தோன்றி, அவ்வாணை குடிமக்களின் உரிமையைப் பறிப்பது என்று வாதிட்டது. தனி மனிதனின் உரிமையைத் தலைமேற் கொண்டு போற்றுவது அந்நாட்டு மரபு. சப்பானியனுக்குப் பிறரைப் பேணும் கடமையாகத் தோன்றிய துணி, அமெரிக்கர் பலருக்குத் தம்மைப் பிணிக்கும் கட்டாகத் தோன்றிற்று. நூறாண்டுகள் கழிந்து கொரோனா வந்தபோதும் அதே வழக்கு அந்நாட்டில் மீண்டும் எழுந்தது.

நியூசிலாந்தின் பழங்குடியினராகிய மாவோரி மக்கள், ஒருவரையொருவர் காணும்போது மூக்கோடு மூக்கை ஒற்றி வாழ்த்துவர். ஒரே மூச்சை இருவரும் பகிர்ந்துகொள்ளும் உயர்ந்த வழக்கம் அது. 1918-ஆம் ஆண்டின் காய்ச்சலில் அவ்வினத்தார் மிகப் பலர் மாண்டனர். அத்துயரை மறவாத அவர்கள், 2020-இல் தம் அருமை வழக்கத்தைத் தாமே நிறுத்தி வைத்தனர். சில குலத்தார் தங்கள் ஊரெல்லையில் காவலும் அமைத்தனர். முன்னோர் வழக்கத்தை நிறுத்தியதும் முன்னோர் வழிவந்தவரைக் காத்தற்கேயாம்.

இவற்றைக் கொண்டு, ஒரு நாட்டின் மரபே அதன் தலைவிதி என்று முடிவு செய்தல் பிழை. சுவீடன், நார்வே, தென்மார்க்கு ஆகிய மூன்று நாடுகளும் மொழியாலும் பழக்கத்தாலும் உடன்பிறந்தார் போன்றவை. மக்கள் தம் அரசின்பால் நம்பிக்கை மிகுந்தவர்கள் என்னும் பெயரும் அம்மூன்றிற்கும் பொது. ஆயினும் நார்வேயும் தென்மார்க்கும் பள்ளிகளை விரைந்து மூடின. சுவீடனோ சிறுவர் பள்ளிகளைத் திறந்து வைத்து, பெரும்பாலும் அறிவுரை கூறுவதோடு அமைந்தது. 2020-ஆம் ஆண்டில் சுவீடனில் மாண்டவர் தொகை, மக்கட்டொகை விகிதத்தில், அண்டை நாடுகளைவிட மிகுந்திருந்தது. முதியோரைக் காப்பதில் நாடு தவறியது என்று அந்நாட்டு விசாரணைக் குழுவே அவ்வாண்டு திசம்பரில் கூறியது. எனவே, மரபு என்பது ஒரு நாடு நிற்கும் நிலம் மட்டுமே. அந்நிலத்தில் எப்பயிரை இடுவது என்பதை ஆள்வோரும் மக்களும் அறிவால் ஆராய்ந்து துணிதல் வேண்டும்.

மக்கள் மனத்தை மதியாத ஆட்சிக்கு நேரும் கேட்டினை நம் நாட்டு வரலாறே காட்டுகின்றது. 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக்கு நோய் புகுந்தது. அடுத்த ஆண்டு புனே நகரில், ராண்டு என்னும் ஆங்கில அதிகாரியின் தலைமையில் நோயொழிப்புக் குழு ஒன்று அமைந்தது. நோயாளரைத் தேடிப் படைவீரர் வீடு வீடாகப் புகுந்தனர். பெண்டிர் உறையும் அறைகளிலும் நுழைந்தனர். பொருள்களை வெளியே எறிந்தனர். நோயாளரைப் பிரித்து வைத்தல் மருத்துவ நூலுக்கு ஒத்த செயலே. ஆனால் அதனைச் செய்த முறை மக்கள் நெஞ்சைப் புண்படுத்திற்று. மக்கள் நோய்க்கு அஞ்சியதினும் அரசுக்கு மிகுதியாக அஞ்சினர். நோயாளரை ஒளித்து வைத்தனர். 1897 சூன் 22-ஆம் நாள் இரவு சாபேக்கர் உடன்பிறந்தார் ராண்டைச் சுட்டனர். அவர் பின்னர் இறந்தார்.

அதே காலத்தில் பம்பாயில் நிகழ்ந்தது வேறு. ஒடெசா நகரிற் பிறந்த ஆப்கின் என்னும் அறிஞர் பிளேக்குத் தடுப்பு மருந்தினைக் கண்டு, 1897 சனவரித் திங்களில் முதலிற் தம் உடம்பிலேயே அதனைச் செலுத்திக்கொண்டார். ஊசிக்கு அஞ்சி ஒதுங்கிய தம் இனத்தாரின் ஐயத்தை நீக்க, இசுமாயிலி முசுலிம்களின் தலைவராகிய மூன்றாம் ஆகா கான் பலர் காணத் தாமே ஊசியிட்டுக் கொண்டார். அவருக்கு அப்போது இருபது வயதும் நிரம்பவில்லை. தலைவரைக் கண்டு மக்கள் துணிந்தனர். புனேயில் வன்முறை கதவைத் தட்டிற்று, கதவு அடைபட்டது. பம்பாயில் நம்பிக்கை கதவைத் தட்டிற்று, கதவு திறந்தது.

மரபு எப்போதும் நன்மையே செய்யும் என்று கூறுவதற்கில்லை. பெரியம்மையை அன்னையின் வருகை என்று கொண்டவருள் பலர், அம்மை குத்துவோரைக் கண்டு ஓடி ஒளிந்தனர். 1802-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் ஒரு குழந்தைக்கு அம்மை குத்தப்பட்டும், 1975-ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. இடைப்பட்ட காலத்தில் மாண்டவர் எண்ணிறந்தோர். அவர்தம் சாவுக்கு வறுமையும் ஆட்சியின் குறைகளும் காரணம். எனினும் அறியாமைக்கும் அதில் பங்கு உண்டு. வாயிலில் வேப்பிலை செருகிய வழக்கம் அயலாரைக் காத்தது. ‘மருந்து கொடுத்தல் தெய்வக் குற்றம்’ என்ற எண்ணமோ உள்ளிருந்த பிள்ளையைக் கைவிட்டது. ஒரே மரபில் காக்கும் கையும் உண்டு. தடுக்கும் கையும் உண்டு.

அச்சம் அறிவை மறைக்குமானால் மரபின் நற்பண்பும் மறைந்துவிடும். 2020 ஏப்பிரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யச் சென்றவர்கள்மேல் ஒரு கூட்டத்தார் கல்லெறிந்தனர். இறந்தாரை மதிப்பது தமிழர் பண்பு என்று மேடைதோறும் பேசுகின்றோம். பிறர் உயிரைக் காத்தவருக்கு ஆறடி மண்ணை மறுத்த அந்நாளை எண்ணி நாம் தலைகுனிதல் வேண்டும்.

கட்டளை இடுவோரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். வீட்டிலிரு என்று சொல்வதற்கு முன்னே, வீடு ஒன்று இருத்தல் வேண்டும். திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை நம்பி ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து, ஒரே அறையிற் பலராய்த் தங்கியிருந்தவர்களுக்குத் ‘தனித்திரு’ என்னும் சொல் எங்ஙனம் பொருந்தும்? பனியன் கம்பெனிகள் மூடப்பட்டபோது கூலியும் நின்றது. பலர் சொந்த ஊர் செல்லத் துடித்தனர். மே முதல் நாளிலிருந்து நாட்டில் சிறப்புத் தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. வேப்பிலை செருகிய வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறும் நீரும் கொண்டு வந்து வாயிலில் வைத்துச் சென்றதாலன்றோ அவ்வீட்டார் உள்ளேயே இருக்க முடிந்தது! கட்டுப்பாடும் உதவியும் வண்டியின் இரு உருளைகள். ஒன்று கழன்றால் மற்றொன்று ஓடாது. பின்னர் அதே திருப்பூரில், பனியன் தைத்த பொறிகள் முகக்கவசமும் மருத்துவர்க்குரிய காப்புடைகளும் தைத்தன என்பதும் நினைத்தற்குரியது.

மரபும் அறிவும் ஒன்றோடொன்று பகைக்க வேண்டியதில்லை. கோவை நகரை முன்னாளில் பிளேக்கு நோய் தாக்கியதன் நினைவாகப் பிளேக்கு மாரியம்மன் கோயில்கள் இன்றும் அங்கு விளங்குகின்றன. 2021 மே திங்களில், கோவையை அடுத்த இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தார் கொரோனா தேவிக்குத் திருவுருவம் அமைத்து வழிபட்டனர். ஆனால் அவ்வழிபாட்டிற்கு மக்கள் கூட்டம் அனுமதிக்கப்படவில்லை. 2020-இல் மதுரை மீனாட்சியம்மை திருக்கல்யாணமும் கோயிலுக்குள்ளேயே சிலரைக் கொண்டு நிகழ்ந்தது. அடியவர் தத்தம் வீட்டிலிருந்தே கண்டு வணங்கினர். பக்தி குறையவில்லை, கூட்டம் மட்டுமே குறைந்தது.

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் உள்ளது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அது கூறுகின்றது. ஒருவரை வருத்தும் நோய்க்கு இந்நான்கும் போதும். ஊரையே வருத்தும் கொள்ளை நோய்க்கோ ஐந்தாவதாக ஒன்றும் வேண்டும். அது பிறர்நலம் கருதித் தம்மை அடக்கிக் கொள்ளும் மக்கட் கூட்டம்.

மாணவர்களே! நாளை மற்றொரு கொள்ளை நோய் வரக்கூடும். அன்று ஆணையிடும் பொறுப்பிலோ, மருத்துவம் செய்யும் பணியிலோ நீங்கள் இருத்தல் கூடும். அப்போது மக்களின் பழக்கத்தை எள்ளி நகையாடாதீர்கள். அதனைக் கண்மூடிப் பின்பற்றவும் செய்யாதீர்கள். அதில் காக்கும் கை எது, தடுக்கும் கை எது என்று ஆராய்ந்து, காக்கும் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன், அடைபட்ட அண்டை வீட்டின் வாயிலில் ஒரு கலம் சோறு வைக்க மறவாதீர்கள்.