மாதப் பகாரும் மணிக் கூலியும்

சென்ற வாரம், மும்பையில் வீட்டு வேலை செய்து, மாதம் முடிந்ததும் கையில் பகார், அதாவது சம்பளம், வாங்கும் நம் பெண்களைப் பற்றி எழுதியிருந்தேன். ஜாடு-கட்காவுக்கு (பெருக்கித் துடைக்க) இவ்வளவு, பாண்டிக்கு (பாத்திரம் தேய்க்க) இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று வேலைக்கு வேலை விலை பேசி, நாலு வீட்டுப் பகாரைச் சேர்த்து ஒரு குடும்பத்தை நடத்தும் அந்தப் பழைய ஏற்பாட்டில் அநியாயங்கள் அநேகம் உண்டு. ஆயினும், தீபாவளிக்கு ஒரு மாதப் பகார் தனியாகக் கேட்கவும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு முன்பணம் வாங்கவும், கூட்டிக் கொடுங்கள் என்று வாதாடவும் எதிரே ஒரு மனித முகம் இருந்தது. அந்த முகம் இருந்த இடத்தில் இப்பொழுது கைப்பேசி வந்து அமர்ந்திருக்கிறது.

2025 மார்ச்சில், செயலி வழியே வீட்டுச் சேவைகளுக்கு ஆள் அனுப்பும் அர்பன் கம்பெனி, பதினைந்து நிமிஷத்தில் வேலையாள் வாசலுக்கு வருவார் என்ற உறுதிமொழியுடன் மும்பையில் ஒரு சேவையைத் தொடங்கி, அதற்கு ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ என்று பெயரிட்டு, கண்டனம் எழுந்தபின் ‘இன்ஸ்டா ஹெல்ப்’ என்று மாற்றிக்கொண்டது. பெயர் பெற்ற கவனத்தைக் கணக்கு பெறவில்லை. அன்று அறிமுக விலையாக வீட்டுக்காரரிடம் வாங்கியது மணிக்கு 49 ரூபாய். வேலை செய்பவருக்கோ மணிக்கு 150 முதல் 180 ரூபாய் என்று அறிவித்தது. இடையிலுள்ள நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தொகை, சந்தையைப் பிடிப்பதற்காக மூலதனத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. மூலதனத்தின் பொறுமை தீரும் நாளில், வீட்டுக்காரர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அல்லது பெண்ணின் கூலி குறைய வேண்டும். மூன்றாவது மார்க்கம் எனக்குத் தென்படவில்லை.

மாதம் 20,000 ரூபாய் நிச்சயம் என்றும் சொல்லப்பட்டது. அதற்கு நிபந்தனை, 22 நாள், நாளுக்கு 6 மணி, ஆக 132 மணி நேர வேலை. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 151 ரூபாய் சொச்சம் வருகிறது. சுனாபட்டியிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூர், மாட்டுங்கா வீடுகளுக்கு நடக்கும் பெண்ணுக்கு அது அற்பத் தொகை அல்ல. இலவசக் காப்பீடும் அதனுடன் சேர்ந்தது என்பதை மறைப்பது நியாயமாகாது.

ஆனால் நாளுக்கு ஆறு மணி வேலை கிடைப்பதற்கு எத்தனை மணி நேரம் வெளியே நிற்க வேண்டும்? சுனாபட்டி ஸ்டேஷன் பெஞ்சில், கைப்பேசித் திரையைத் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. “காலையில ஒரு வீடு முடிச்சாச்சு அண்ணாச்சி. அடுத்த புக்கிங் இன்னும் விழல. வீட்டுக்குப் போயிட்டா, விழுந்ததும் ஓடி வர முடியுமா?” என்றாள். மடியில் பிரிக்காத டிபன் டப்பா. புக்கிங்குக்குப் புக்கிங் கூலி தரும் முறையில், அந்தப் பெஞ்சில் கழிந்த பொழுது அவளுடைய நஷ்டம். பழைய பகாரிலோ, எந்த வீட்டில் எத்தனை மணிக்கு வேலை என்பது அவளுக்கு மனப்பாடம்.

சட்டம் ஓரளவே துணை நிற்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. ஆனால் இந்தத் தொழிலாளரை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்குப் புறம்பானவர் என்றே அது வைத்துவிட்டது; மணிக் கூலியையும் அது நிர்ணயிக்கவில்லை.

அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று சட்டம் சொல்ல வேண்டும். அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: மணி முடிந்து கிளம்புகிறவளை, இந்த ஒரு பாத்திரம் மட்டும் என்று நிறுத்தாதீர்கள், நிறுத்த வேண்டியிருந்தால், செயலியில் நேரத்தை நீட்டி, பணத்தைக் கட்டிவிட்டு நிறுத்துங்கள்.