முதியோர் இல்லத்தில் நாம் காண வேண்டுவன

ஓசூரைக் கடந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், கர்நாடக எல்லைக்குள் நுழைந்ததும் வரும் ஊர் அத்திபெலே. கடைத்தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும் எல்லையூர் அது. டில்லியிலும் மும்பையிலும் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் சிலர், வயது முதிர்ந்த பெற்றோரை இத்தகைய ஊர்ப்புறத்து இல்லங்களில் சேர்க்கின்றனர். அதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. சேர்த்த பிறகு எதைக் கவனிப்பது என்பதே இன்றைய பேச்சு.

தொலைபேசியில் நாம் "சௌக்கியமா?" என்று கேட்கிறோம். "சௌக்கியம்" என்றே விடை வருகிறது. பேசும் கருவியைப் பிடித்திருப்பவர் பணியாளராகவும் இருக்கலாம். மகனைக் கலவரப்படுத்த வேண்டாமென்று தாய் எண்ணுவதும் உண்டு. 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டத்துப் பாலேஸ்வரத்தில் இயங்கிய ஓர் இல்லத்தின் வண்டியிலிருந்து மூதாட்டி ஒருவர் கூக்குரலிட, வழியிற் சென்றோர் அதை நிறுத்தினர். உள்ளே காய்கறிகளுடன் ஒரு சடலமும் இருந்தது. பிறகு அதிகாரிகள் சோதனையிட்டு, அங்கிருந்தோரை வேறிடங்களுக்கு மாற்றினர். இல்லத்தார் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆயினும் அந்த அம்மையார் கூவினார். பெரும்பாலோர் கூவுவதில்லை. ஆகவே நம் கண்களே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பார்க்கத் தக்கது படுக்கைப் புண். எழ இயலாதவரைச் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் வழக்கம். அது தவறினால் இடுப்பின் அடிப்புறத்திலும் குதிகாலிலும் தோல் கன்றும். நம்மவரின் மாநிறத்தில் சிவப்புத் தெரியாது. அவ்விடம் கறுத்து, சூடாகவோ கடினமாகவோ இருக்கும். போர்வையை விலக்கிக் குதிகாலைத் தொட்டுப் பார்ப்பதில் நாணம் வேண்டுவதில்லை. அடுத்து நாக்கு. அது வறண்டிருந்தால் தண்ணீர் போதவில்லை என ஐயுறலாம். கையின் தோலைக் கிள்ளிப் பார்க்கும் பழைய முறை முதியோரிடம் பயன்படாது. அவர்கள் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும்.

மேற்கைகள் இரண்டிலும் விரல் பதிந்தாற்போன்ற கன்றல், மணிக்கட்டில் கட்டிய தழும்பு, பகலெல்லாம் நீங்காத மயக்கம், காணாமற்போன கண்ணாடியும் பல்செட்டும், பணியாளர் வந்ததும் பேச்சு நின்றுவிடுதல் ஆகியனவும் கவனிக்கத் தக்கவை. ஆனால் அவசரப்பட்டுப் பழிசுமத்தலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவருக்குச் சிறு இடிபாட்டிலும் கன்றல் விழும். மறதி நோயினர் நன்கு ஊட்டினாலும் மெலிவதுண்டு. காரணம் கேட்கும்போது ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் சொன்னால், அப்போது ஐயம் வலுக்கும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இன்னொன்றையும் கூறவேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த முதியவரைத் தமிழறியாப் பணியாளரிடம் விடும்போது, "தாகமாயிருக்கிறது", "வலிக்கிறது" என்ற சொற்களும் அவரிடமிருந்து பறிபோகின்றன. எல்லையூரில் தமிழறிந்த ஆளை நியமிப்பது கடினமன்று, சேர்க்கும்போதே கேட்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இல்லப் பணியாளருள் மூவரில் இருவர், ஓராண்டுக்குள் தாமே ஏதேனும் ஒருவகைத் துன்பம் இழைத்ததாக ஒப்புக்கொண்டுள்ளனர். அவர்களெல்லாம் கொடியவர்கள் என்பதல்ல. ஓர் ஆளிடம் பலரை ஒப்படைத்தால் பொறுமை கெடுகிறது. எனவே இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆட்கள் என்று வினவுக. முன்னறிவிப்பின்றி உணவு வேளையிற் செல்லுக.

அடித்தலும் அடைத்து வைத்தலும் பொதுக் குற்றவியற் சட்டப்படியே குற்றங்கள். காவல் நிலையத்தில் முறையிடலாம். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிக்கும் பொறுப்புள்ளவர் முதியவரை அடியோடு கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறையோ, 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அந்தப் பொறுப்பு மக்களுக்கும் உண்டென்பதை இங்கே நினைவூட்டுகிறோம். முதியோருக்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 14567. அழைக்குமுன் புண்ணின் படம், கண்ட நாள், பணியாளர் கூறிய விடை ஆகியவற்றைத் தாளில் குறித்து வைத்துக்கொள்க.