சீத்தா ஏன் காய்க்கவில்லை?

மும்பை செம்பூரின் பழைய சொசைட்டிகளில் காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு சீத்தா மரத்தைப் பார்க்கலாம். யாரோ தின்று துப்பிய கொட்டையில் முளைத்ததாக இருக்கும். பூவாகப் பூக்கும், காய் மட்டும் பிடிக்காது. தப்பிப் பிடித்த ஒன்றிரண்டும் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பியிருக்கும். மாலியைக் கூப்பிட்டு எரு போடச் சொல்வோம். பெரும்பாலும் குறை எருவில் இல்லை, பூவில் இருக்கிறது.

ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள். இளம்பச்சையில், தடித்த மூன்று இதழ்கள். விலக்கினால் உள்ளே மிளகளவு கூம்பு. அதன் உச்சியில் சூல்முடிகள், அடியைச் சுற்றி மகரந்தப் பைகள். ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருந்தாலும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. இதழ்கள் லேசாகப் பிரியும்போது பூ பெண். சூல்முடிகள் பிசுபிசுப்பாக மின்னும். இதழ்கள் நன்றாக விரிவதற்குள் அவை காய்ந்துவிடும். அப்போதுதான் மகரந்தம் உதிரும். அதனால் ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த இடுக்கில் தேனீ நுழைய முடியாது. நுழைவது இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள குட்டி வண்டு. அழுகும் பழத்தின் வாசம் அதற்கு உயிர். பூவும் பழவாசம் வீசித்தான் அதை அழைக்கிறது. சீத்தாப்பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம். மகரந்தம் சேர்ந்த கண்ணில் கொட்டையும் சுளையும் உருவாகும். சேராத பக்கம் சூம்பிவிடும்.

இந்த வண்டு பெருகுவதற்கு உதிர்ந்த பழமும் சருகும் ஈர மண்ணும் வேண்டும். நாமோ தினமும் பெருக்கி, மரத்தடி வரை சிமெண்டுக் கல் பதித்து, பூச்சி மருந்தும் அடிக்கிறோம். இதை மாற்ற முடியும். தாராவியை ஒட்டி மித்தி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் குப்பைமேடு. 37 ஏக்கரில் மரம் வளர்த்து 1994-ல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்று அங்கே பறவையும் வண்ணத்துப்பூச்சியும் நிறைந்திருக்கின்றன. இடம் கொடுத்தால் பூச்சி திரும்பி வரும். மரத்தடியில் நான்கடி மண்ணை விட்டு, சருகைப் பெருக்காமல், அன்னாசித் தோலைக் கொஞ்சம் போட்டு வையுங்கள்.

வண்டு வரும்வரை அதன் வேலையை நாமே செய்யலாம். வெயில் ஏறுமுன், நன்றாக விரிந்த பூக்களை ஒரு காகிதத்தின் மேல் தட்டினால் மகரந்தம் உதிரும். சிறுவர்கள் வண்ணம் தீட்டும் மெல்லிய பிரஷில் அதைத் தொட்டு, அரைகுறையாகப் பிரிந்த பூவின் கூம்பில் சுற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் பழமும் கோணும். முதல் மழை விழுந்து காற்று ஈரமானபின் செய்தால் சூல்முடி சீக்கிரம் காயாது.

சில நாளில் இதழ்கள் உதிர்ந்து, காம்பில் பச்சைக் குமிழ் நின்றால் காய் பிடித்துவிட்டது. பழுக்கச் சுமார் நான்கு மாதம். புரந்தரிலிருந்து வரும் சீத்தாப்பழம் மாட்டுங்கா மார்க்கெட்டில் குவிந்திருக்கும் நவராத்திரி வாக்கில், ஜூனில் நீங்கள் தடவிய பூவும் எல்லாப் பக்கமும் கண் திறந்த முழுப் பழமாகக் கைக்கு வரும்.